கோடை ஸ்டீல்ஹெட்டுக்குக் கூடுதுறையில் எந்தத் தக்கை?

"அண்ணா, அக்டோபர் முடியறதுக்குள்ள எனக்கு ஒரே ஒரு சனி ஞாயிறுதான் கிடைக்கும். கையில இருக்கறதும் ஒரே ஒரு தூண்டில் ராட். ஸ்டீல்ஹெட் மீனுக்கு எங்க போறது, எதைக் கட்டறது, ரெண்டு வரியில சொல்லுங்க."

அமெரிக்காவின் ஆரகன் மாநிலத்துப் போர்ட்லேண்டில் என்னோடு வேலை பார்க்கும் தம்பி கேட்டது இது. இரண்டு வரியில் சொல்லப் பார்த்தேன், முடியவில்லை. எந்த ஆறு என்பதற்கும் எந்தத் தக்கை என்பதற்கும் ஒரே பதில்தான், ஆனால் அந்தப் பதில் தண்ணீருக்கு அடியில் கிடக்கிறது. அதைக் கண்டுபிடிக்க எனக்கே இரண்டு பருவம் ஆனது. அவனுக்குச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் மீன். ஸ்டீல்ஹெட் என்பது கடலுக்குப் போய்த் திரும்பும் ரெயின்போ டிரவுட். இரண்டும் ஒரே இனம். ஆற்றிலேயே தங்கிவிட்டால் டிரவுட்; கடலில் ஒன்றிரண்டு ஆண்டு மேய்ந்து கொழுத்துத் திரும்பினால் ஸ்டீல்ஹெட். அதிலும் குளிர்கால ஓட்டம், கோடை ஓட்டம் என்று இரண்டு வகை. குளிர்கால மீன் முட்டை முற்றிய நிலையில் ஆற்றில் நுழையும், வந்த வேலையைப் பார்க்க நேரே மேலேறும். கோடை மீன் மே முதல் அக்டோபர் வரை நுழைகிறது, முட்டையிடுவதோ அடுத்த வசந்தத்தில். கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்பே வந்து இறங்கிவிட்ட உறவுக்காரர் மாதிரி அதற்கு அவசரமே கிடையாது. எங்கே நிழல், எங்கே குளிர்ச்சி என்று பார்த்து உட்காரும்.

ஆகஸ்டில் கொலம்பியா ஆறு 21, 22 டிகிரி செல்சியஸைத் தொடுகிறது. 20-ஐத் தாண்டினாலே ஸ்டீல்ஹெட்டுக்கு ஆகாது. அதனால் குளிர்ந்த கிளையாறு வந்து சேரும் இடமாகப் பார்த்து ஒதுங்கிக்கொள்ளும், நாள் கணக்கில், சில சமயம் வாரக் கணக்கில். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2021-இல் வெளியிட்ட திட்டத்தில் கொலம்பியாவின் கீழ்ப்பகுதியில் இப்படிப்பட்ட முக்கியப் புகலிடங்கள் 12 என்று கணக்கிட்டிருக்கிறார்கள். எல்லாமே கூடுதுறைகள்தான். (பவானிக்காரனுக்கு இந்தச் சொல்லை விட்டால் வேறு சொல் வாயில் வராது.)

தக்கை போட்டு மீன் பிடிக்கக் கூடுதுறையைத் தேடுவது இதனால்தான். மீன் அங்கே ஓடிக்கொண்டிருப்பதில்லை, நிற்கிறது. நிற்கிற மீனின் மூக்குக்கு நேரே இரையைத் தொங்கவிட்டு வைத்திருக்கத் தக்கையைப் போல வேறு எதுவும் உதவாது.

தம்பி மூன்று இடத்தின் பேரைச் சொன்னான். டெஷூட்ஸ் கொலம்பியாவில் கலக்கும் முகத்துவாரம், டிரானோ ஏரி, ஐடஹோ மாநிலத்தின் லூயிஸ்டன்.

டெஷூட்ஸை உடனே அடித்துவிட்டேன். போர்ட்லேண்டிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம், அழகான இடம், மீனும் உண்டு. ஆனால் அங்கே குளிருக்கு ஒதுங்கி நிற்பதில் பெரும்பகுதி டெஷூட்ஸ் மீனே இல்லை. ஐடஹோவுக்கும் கிழக்கு ஆரகனுக்கும் போகிற வழியில் மூச்சு வாங்க நிற்பவை. வழிப்போக்கனை மண்டபத்தில் வைத்து மடக்குவது மாதிரி. டெஷூட்ஸ் முகத்துவாரத்தையும் ஈகிள் கிரீக், ஹெர்மன் கிரீக் வாய்களையும் ஆரகன் மாநிலம் கோடை உச்சத்தில் தூண்டில் விழாத சரணாலயமாக்கியது இதனால்தான். அதற்கு மேலே திறந்திருக்கும் பகுதியிலும் பெரும்பாலான இடத்தில் இரை போடக்கூடாது, செயற்கை இரையும் செயற்கை ஈயும் மட்டுமே. படகில் இருந்தபடி தூண்டில் போடுவதும் கூடாது. இறாலும் தக்கையுமாகப் போகிறவனுக்கு அங்கே வேலையில்லை.

டிரானோவைப் பற்றிக் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. பேர்தான் ஏரி. லிட்டில் வைட் சால்மன் என்ற சிற்றாறு கொலம்பியாவில் சேரும் வாய் அது. கொலம்பியாவின் குறுக்கே பானவில் அணை 1938-இல் எழுந்தபோது பின்னால் தேங்கிய நீர் இந்த வாய்க்குள்ளும் ஏறி நின்றுகொண்டது. குறுக்கே நெடுஞ்சாலை 14-க்குக் கரை போட்டு, நடுவில் ஒரு பாலத்தடியை மட்டும் வழியாக விட்டிருக்கிறார்கள். வெளியே கொலம்பியா 21 டிகிரியில் கிடக்கும்போது உள்ளே 13-ஐ ஒட்டி. ஆகஸ்டில் அந்தப் பாலத்தடி ஒரு வாசல்படி. மீன் உள்ளே வரும், போகும். தக்கைக்காரர்களுக்கு இது பழைய திருத்தலம். போர்ட்லேண்டிலிருந்து ஒரு மணி நேரம்தான்.

ஆனால் டிரானோ படகுக்காரர்களின் இடம். கரையில் நிற்கத் தோதான இடம் விரல் விட்டு எண்ணலாம், அதிலும் விடிவதற்குள் யாராவது நாற்காலி போட்டிருப்பார்கள். கொலம்பியா பள்ளத்தாக்கின் காற்று பத்து மணிக்கு மேல் எழும்பினால் தக்கை நீரில் நிற்காது, கும்மியடிக்கும். எத்தனை மீன் வைத்துக்கொள்ளலாம், இரவில் போடலாமா என்ற விதிகளும் சமீப ஆண்டுகளில் அடிக்கடி மாறி, பெரும்பாலும் இறுகியே வருகின்றன. சொந்தப் படகு இருந்தால் டிரானோவையே சொல்லியிருப்பேன். தம்பியிடம் இருப்பது ஒரு பழைய கொரோலா.

ஆக, லூயிஸ்டன். ஐந்தரை மணி நேரப் பயணம், வாலா வாலா வழியாக. கடலிலிருந்து 465 மைல் உள்ளே, மேற்குக் கரையிலேயே மிக உள்நாட்டுத் துறைமுகம் இருக்கும் ஊர். கிழக்கிலிருந்து கிளியர்வாட்டர் வருகிறது, தெற்கிலிருந்து, பின்னால் கொலம்பியாவில் போய்ச் சேரும் ஸ்நேக். ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஐடஹோவின் லூயிஸ்டன், அந்தப் பக்கம் வாஷிங்டனின் கிளார்க்ஸ்டன். அமெரிக்காவின் மேற்கை ஆராயக் கிளம்பிய லூயிஸும் கிளார்க்கும் 1805 அக்டோபர் 10-ஆம் தேதி இந்தக் கூடுதுறைக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்கள் பேரைத்தான் ஊர்கள் இரண்டும் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன. அதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பிருந்தே இங்கே மீன் பிடித்துவந்த நெஸ் பெர்ஸ் மக்கள் இந்த இடத்தைச் சிமினெகெம் என்பார்கள். அதற்கும் ஆறுகள் கூடும் இடம் என்றுதான் பொருள்.

இங்கே கரையில் நிற்க மைல் கணக்கில் இடம் உண்டு. ஸ்நேக்கில் கீழே இருக்கும் லோயர் கிரானிட் அணை 1975-இல் நீரைத் தேக்கியபோது ஊரைக் காக்க எழுப்பிய கரை, அதன் மேல் நடைபாதை, சரிவெல்லாம் கருங்கல். செருப்போடு இறங்கினால் கணுக்கால் பிசகும். பூட்ஸ் வேண்டும்.

தண்ணீருக்கு அடியில் இருக்கும் இன்னொரு வகிடு

கூடுதுறை என்றதும் எல்லோரும் பார்ப்பது மேலே தெரியும் கோட்டைத்தான். பசுமையாகக் கிளியர்வாட்டர், கலங்கலாக ஸ்நேக், நடுவில் சீப்பால் வகிடு எடுத்த மாதிரி ஒரு நுரைக்கோடு. புதிதாக வருகிறவர்கள் அந்த வகிட்டின் மேலேயே தக்கையைப் போடுவார்கள். நானும் போட்டேன்.

முதல் ஆண்டு செப்டம்பர் தொடக்கத்தில் போயிருந்தேன். கிளார்க்ஸ்டன் கரையில், இரண்டு ஆறும் கலந்து கொஞ்சம் கீழே. கட்டுத் தக்கை, அதாவது தூண்டில் நரம்பில் ஓரிடத்தில் இறுக்கி வைத்துவிடும் தக்கை. அதற்குக் கீழே ஆறடி, நுனியில் இளஞ்சிவப்பு ஜிக், அதாவது ஈயத் தலையில் இறகு கட்டிய கொக்கி. காவிரியில் சோளத்தட்டை நெட்டியைக் கட்டிக் கெண்டை பிடித்தவனுக்கு இதில் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை என்ற நினைப்பு வேறு. காலை ஐந்தரையிலிருந்து பதினொன்று வரை தக்கை ஆடாமல் அசையாமல் பூஜையறை விளக்கு மாதிரி நின்றது. எனக்கு இருபதடி தள்ளி மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்த வெள்ளைத் தாடிப் பெரியவர் அதற்குள் இரண்டை இழுத்துவிட்டார். வெட்கத்தை விட்டுப் போய்க் கேட்டேன். என் தக்கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீ வெந்நீரில் மீன் பிடிக்கிறாய்" என்றார்.

பெட்டியிலிருந்து ஒரு தெர்மாமீட்டரை எடுத்தார். மீன்வளர்ப்புத் தொட்டியில் போடுகிற சாதாரணக் கண்ணாடிக் குழாய், ஈயக்குண்டோடு சேர்த்து நூலில் கட்டியிருந்தது. தன் ராடிலேயே மாட்டிப் பாறைக்கு அப்பால் வீசி, முழங்கால் ஆழத்தில் ஒரு நிமிடம் வைத்து எடுத்தார்: 20 டிகிரி. அடுத்து பதினாறடி இறக்கி, ஒரு சிகரெட் முடியும் வரை விட்டுவைத்து, வேகமாகச் சுற்றி எடுத்தார்: 14. மேலே வரும் வழியில் அரை டிகிரி ஏறியிருக்கும் என்று அவரே சொல்லிக்கொண்டார்.

காரணம் மேலே, மலைக்குள் இருக்கிறது. கிளியர்வாட்டரின் வடக்குக் கிளையில் டுவார்ஷாக் அணை. 717 அடி உயரம், மீன் ஏணி கிடையாது. 1970-களின் தொடக்கத்தில் அது எழுந்தபோது பெரிய ஸ்டீல்ஹெட்டுகளின் பிறந்த வீட்டையே அடைத்துவிட்டது. ஈடாகக் கீழே அஹ்சாகாவில் ஒரு மீன்குஞ்சுப் பொரிப்பகம் கட்டிக்கொடுத்தார்கள். இன்று அதே அணையின் ஆழத்துக் குளிர்நீரைத்தான் ஜூலை முதல் செப்டம்பர் வரை திறந்துவிடுகிறார்கள், லோயர் கிரானிட்டுக்குக் கீழே நீர் 20 டிகிரியைத் தாண்டாமல் இருப்பதற்காக. வழியை மறித்ததும் அதுவே, விசிறி வீசுவதும் அதுவே.

அந்தக் குளிர்நீர் கனமானது. கூடுதுறைக்கு வந்ததும் ஸ்நேக்கின் வெதுவெதுப்பான நீரோடு உடனே கலப்பதில்லை, அதன் அடியில் புகுந்துகொள்கிறது. அதாவது மேலே தெரியும் வகிடு செங்குத்தாக இறங்கவில்லை, பாய் விரித்த மாதிரி சாய்ந்து படுக்கிறது. நான் பார்த்துக்கொண்டிருந்தது பாயின் ஓரத்தை. மீன் பாய்க்கு அடியில் இருந்தது.

இதற்கு மேல் தக்கை விவாதம் ஏறக்குறைய தானாகவே முடிந்துவிடும். பதினாறடி ஆழத்துக்குக் கட்டுத் தக்கையைக் கட்ட முடியாது. ராடு பத்தடி, தக்கை ராடின் நுனி வளையத்தில் வந்து முட்டிய பிறகு நரம்பைச் சுற்ற முடியாது. தக்கைக்குக் கீழே பதினாறடி தொங்கினால் வீசவும் முடியாது, மீன் விழுந்தால் கரைக்கு இழுக்கவும் முடியாது. ஓடும் தக்கைக்கு இந்தச் சிக்கல் இல்லை. நரம்பு தக்கைக்குள் தாராளமாக ஓடும். வேண்டிய ஆழத்தில் நரம்பின் மேல் ஒரு நூல் முடிச்சு, முடிச்சுக்கும் தக்கைக்கும் நடுவே ஒரு பாசிமணி. வீசும்போது தக்கை கீழே ஈயக்குண்டோடு ஒட்டிக் கிடக்கும். நீரில் விழுந்ததும் குண்டு நரம்பை இழுத்துக்கொண்டு இறங்கும், பாசிமணி முடிச்சில் போய் நிற்கும், அப்போதுதான் தக்கை நிமிரும். படுத்துக் கிடந்த தக்கை நிமிர எட்டு, பத்து நொடி ஆகும். நிமிரவே இல்லையென்றால் குண்டு தரையைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம், முடிச்சை ஓரடி கீழே தள்ளவும். தெர்மாமீட்டர் சொன்ன ஆழத்துக்கு முடிச்சை நகர்த்துவது அரை நிமிட வேலை.

ஆனால் எல்லாமே அந்த முடிச்சில் இருக்கிறது. எனக்குப் பிடிபட்ட விதத்தைச் சொல்கிறேன். முதன்மை நரம்பு 30 பவுண்ட் இழுப்பைத் தாங்கும் பின்னல் நூல். அது நீரில் மிதக்கும், தக்கைக்கு முன்னால் வளைந்து கிடந்தால் தூக்கிப் பின்னால் போட்டுக்கொள்ளலாம். நைலான் மூழ்கிக்கொண்டு தக்கையை இழுக்கும். பின்னல் நூலின் குறை, அது வழுக்கும். கடையில் விற்கும் தடை முடிச்சை ஒருமுறை போட்டால் நான்கு வீச்சில் நகர்ந்துவிடும், நீங்கள் பதினாறடியில் இருப்பதாக நினைத்துக்கொண்டு பன்னிரண்டில் இருப்பீர்கள். அதனால் ஐந்து சுற்று, எச்சில் தொட்டு நனைத்து இறுக்கி, அதற்கு மேலேயே ஒட்டினாற்போல் இன்னொரு முடிச்சு. வால்களை ஒட்ட நறுக்கிவிடக் கூடாது, அவிழும். நீளமாக விட்டாலும் ராடு வளையங்களில் தட்டித் தட்டி வீச்சைக் கெடுக்கும். அரிசி நீளம் சரி. பாசிமணியின் துளை பெரிதாக இருந்தால் முடிச்சு அதற்குள் புகுந்து தக்கைக்குள்ளும் போய்விடும். ஒருமுறை முழுக் காலை நேரமும் ஆழமே நிற்காமல் போய், கடைசியில் பார்த்தால் மகளின் கைவினைப் பெட்டியிலிருந்து எடுத்த மணியின் துளைதான் காரணம்.

கட்டுத் தக்கையை அப்படியே தூக்கிப் போட்டுவிடவும் முடியாது. கிளியர்வாட்டரில் சில மைல் மேலே போனால் அணையின் தேக்கம் முடிந்து ஆறு மறுபடி ஆறாகிறது. நாலடி, ஆறடி ஆழத்தில், நடந்து போகிறவனின் வேகத்தில் நீர் ஓடும். அங்கே ஓடும் தக்கை வீண் பாரம். குண்டு இறங்கி, மணி போய் நின்று, தக்கை நிமிர்வதற்குள் நல்ல பகுதி கடந்து போய்விடும். கட்டுத் தக்கை விழுந்த கணத்திலேயே வேலையைத் தொடங்கும், சின்ன இழுப்பையும் காட்டும். தக்கை சாய்ந்தால் ஜிக் கல்லில் உரசலாம், அரையடி குறைத்துப் பார்க்க வேண்டும். அப்படியும் சாய்ந்தால் நரம்பு வளைந்து இழுக்கிறது. நேராக நின்று நீரோடு போனால் அதை விட்டுவிடலாம். கண்ணுக்கு இன்பமான மீன்பிடி அது. தேக்கத்தில் ஓடும் தக்கையைப் பார்த்துக்கொண்டு உட்காருவது பேருந்து நிலையத்தில் உட்காருவது போல.

இரண்டையும் வாங்கலாமா என்றான் தம்பி. வாங்கலாம், விலை பெரிதில்லை. ஆனால் ஒரே வார இறுதியில் இரண்டு விதத் தண்ணீரையும் தேடி ஓடினால் சாலையில்தான் நேரம் போகும். கூடுதுறை என்று முடிவெடுத்தால் ஓடும் தக்கையோடு கூடுதுறையிலேயே இருக்க வேண்டும்.

இறாலா, ஜிக்கா

இதில் நான் பெரும்பான்மையோடு ஒத்துப்போவதில்லை. லூயிஸ்டன் கரையில் பத்துப் பேர் நின்றால் ஏழெட்டுப் பேரின் முள்ளில் இறால்தான் இருக்கும். தேங்கிய நீரில் வாசனைக்கு வேலை உண்டு, இரை மெதுவாகத் தொங்கும்போது மீனுக்கு முகர்ந்து பார்க்க நேரம் கிடைக்கிறது. மறுக்கவில்லை. உரித்த இறாலைக் கட்டைவிரல் நக அளவுக்கு வெட்டி, உப்பும் சர்க்கரையும் இளஞ்சிவப்புச் சாயமும் சேர்த்து ஓர் இரவு ஊறவைத்தால் கெட்டிப்பட்டு முள்ளில் நிற்கும். குளிர்பதனப் பெட்டியில் தொக்குக்கு வாங்கிய இறாலும் தூண்டிலுக்கு ஊறும் இறாலும் பக்கத்துப் பக்கத்து டப்பாவில் இருக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டில் அனுபவத்தால் எழுந்த சட்டம்.

இறாலின் முதல் குறை, அது எல்லோருக்கும் பிடிக்கும். செப்டம்பரில் சின்ன வாய் பாஸ், பைக்மின்னோ என்ற மீன்கள் கொத்திக் கொத்தித் தின்றுவிடும். தக்கை துடிக்கும், இழுத்தால் வெறும் முள். பைக்மின்னோ சால்மன் குஞ்சுகளைத் தின்னும் மீன் என்பதால் ஒன்பது அங்குலத்துக்கு மேற்பட்ட ஒவ்வொன்றுக்கும் பணம் தரும் திட்டம் கொலம்பியாவிலும் ஸ்நேக்கிலும் 1990-களின் தொடக்கத்திலிருந்தே நடக்கிறது. அதற்கென்றே வருகிறவர்களும் இருக்கிறார்கள். நாம் வருவது அதற்கு இல்லை.

இரண்டாவது குறை பெரிது. இறாலை மீன் விழுங்கும். முள் தொண்டையில் போய் உட்காரும். கூடுதுறையில் உங்களுக்கு விழும் மீனில் பாதி நீங்கள் திருப்பி விட வேண்டியதாக இருக்கலாம். ஸ்நேக்கின் காட்டு ஸ்டீல்ஹெட் 1997 முதல் அழியும் ஆபத்துப் பட்டியலில் இருக்கிறது. பொரிப்பக மீனுக்கு முதுகின் பின்புறம் வாலுக்கு முன்னால் இருக்கும் சின்னக் கொழுப்புத் துடுப்பைக் குஞ்சிலேயே நறுக்கியிருப்பார்கள். அந்த இடத்தில் தழும்பு இருந்தால், விதி அனுமதித்தால், வைத்துக்கொள்ளலாம். துடுப்பு முழுசாக இருந்தால் விட்டுவிட வேண்டும். இதற்காகத்தான் எதிர்முள் இல்லாத கொக்கி கட்டாயம். தொண்டையில் முள் விழுந்த மீனை விட்டோம் என்று சொல்லிக்கொள்ளலாம், அது பிழைத்தது என்று சொல்லிக்கொள்ள முடியாது.

ஜிக்கை மீன் விழுங்காது. வாயோரத்தில் மாட்டும், இடுக்கியால் ஒரு திருப்பு, போய்விடும். நான் கட்டுவது அரைக்கால் அவுன்ஸ் ஜிக், மாரபு என்ற மெல்லிய இறகு வைத்தது. அதற்கு மேலே இரண்டடி ஃப்ளோரோகார்பன் நுனி நரம்பு, அதற்கு மேலே அரைக்கால் அவுன்ஸ் குண்டு, எல்லாம் சேர்ந்து கால் அவுன்ஸ் தாங்கும் தக்கை. கணக்குச் சரியாக இருந்தால் தக்கையின் வண்ண முனை மட்டும் வெளியே நிற்கும், மீன் மூக்கால் தொட்டாலே அமுங்கும். இறகு தேங்கிய நீரிலும் சும்மா இருக்காது. சிற்றலையில் தக்கை ஏறி இறங்கும்போதெல்லாம் கீழே மூச்சு விடும். காற்றே இல்லாத காலையில் மட்டும் ஜிக் செத்துப் போகும். அப்போது ராடு நுனியை ஒரு சாண் தூக்கி விட வேண்டும், நிமிடத்துக்கு ஒருமுறை போதும்.

ஜிக்கின் முள்ளில் உளுந்தளவு இறால் துணுக்கு குத்திக்கொள்வது இடைவழி. வாசனையும் உண்டு, விழுங்கும் அளவுக்குச் சதையும் இல்லை. தம்பிக்கு நான் சொன்னது இதைத்தான். முழு இறாலைவிடக் குறைவாகத்தான் கடிக்கும், பொய் சொல்ல மாட்டேன். என் கணக்கில் அது பரவாயில்லை.

நிறம் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். இளஞ்சிவப்பும் வெள்ளையும் கலந்தது ஒன்று, கறுப்பும் ஊதாவும் கலந்தது ஒன்று. வெளிச்சத்தில் முதலாவது, இருட்டில் இரண்டாவது. பெட்டியில் மீதி இருப்பவையெல்லாம் என்னைப் பிடிக்கக் கடைக்காரர் வைத்தவை.

ஆகஸ்டா, அக்டோபரா

தம்பி கேட்காத கேள்வி இது. ஆனால் நான் அதிகம் தடுமாறியது இங்கேதான்.

மீன் அடைந்து நிற்பதற்கு வெப்பம்தான் காரணம் என்றால், வெப்பம் உச்சத்தில் இருக்கும் ஆகஸ்டும் செப்டம்பர் தொடக்கமும்தான் கூடுதுறையின் பொற்காலம். இரவெல்லாம் விளக்கு எரியும் செயற்கை இரைகளை இழுத்துக்கொண்டு படகுகள் சுற்றும். கரையில் ஒளிரும் தக்கைகள் மின்மினி மாதிரி மிதக்கும். பார்க்கவே ஒரு திருவிழா. மீனும் விழும்.

ஆனால் அந்த மீன் எங்கிருந்து எங்கே வருகிறது? 14 டிகிரியில் ஒதுங்கி நிற்பதைப் பிடித்து, அது தவிர்க்கிற 20 டிகிரி அடுக்குக்குள் இழுத்து, அங்கேயே பத்து நிமிடம் போராட வைத்து, காட்டு மீன் என்று தெரிந்ததும் அதே வெந்நீரில் விடுகிறோம். ஆரகனில் ஆறுகள் சூடாகும்போது பிற்பகல் 2 மணி முதல் சூரிய உதயத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு வரை தூண்டிலைத் தடை செய்வார்கள். அதற்கு ஆந்தை விதி என்று பேர். லூயிஸ்டனில் தடை இல்லாத நாளிலும் தண்ணீர் அதே தண்ணீர்தான். நான் ஆகஸ்டில் போவதை நிறுத்தி நான்கு ஆண்டாகிறது.

எண்ணிக்கையும் மனதில் உறுத்துகிறது. பானவில் அணையை 2001-இல் கடந்த ஸ்டீல்ஹெட் 6 லட்சத்துக்கு மேல். 2021-இல் 1 லட்சம்கூட வரவில்லை. 1938-இல் எண்ணத் தொடங்கியதிலிருந்து அவ்வளவு குறைவாக வந்ததில்லை. அந்த ஆண்டு டெஷூட்ஸ் உட்படப் பல ஆறுகளில் ஸ்டீல்ஹெட் பிடிப்பதையே மூடினார்கள். அதற்குப் பிறகு ஓரளவு மீண்டாலும், லூயிஸ்டனுக்கு வர எட்டு அணை ஏற வேண்டிய மீனிடம் நமக்காகச் செலவழிக்க அதிகத் தெம்பு இருக்காது.

அக்டோபர் நடுவில் நிலைமை வேறு. டுவார்ஷாக்கின் கோடைத் திறப்பு முடிந்திருக்கும், ஸ்நேக்கும் 15 டிகிரிக்குப் பக்கமாக இறங்கியிருக்கும். இரண்டு அடுக்கு என்பதே ஏறக்குறைய மறைந்துவிடும். கூடவே, ஆகஸ்டில் வருவது பெரும்பாலும் ஏ ஓட்டம். கடலில் ஓராண்டு இருந்த நாலைந்து பவுண்ட் மீன்கள். செப்டம்பர் கடைசியிலிருந்துதான் பி ஓட்டம் வரத் தொடங்கும். கடலில் இரண்டாண்டு இருந்தவை, கிளியர்வாட்டருக்கென்றே பேர் பெற்றவை, 78 சென்டிமீட்டருக்கு மேல், பத்துப் பன்னிரண்டு பவுண்ட். குளிர்ந்த நீரில் அவை எட்டு பவுண்ட் நுனி நரம்பை என்ன பாடு படுத்தும் என்பதை ஒருமுறை பட்டவர்களுக்குச் சொல்ல வேண்டாம். பத்து, பன்னிரண்டு பவுண்ட் போடுங்கள்.

அடுக்கு மறைந்துவிட்டால் ஆழம் பார்க்கத் தெர்மாமீட்டர் எதற்கு, ஓடும் தக்கை எதற்கு என்று தம்பி சரியாக மடக்கினான். பாதி உண்மை. அக்டோபரில் மீன் எல்லா ஆழத்திலும் இருக்கலாம். விடியலில் ஆறடியில்கூடக் கடித்திருக்கிறது. வெயில் ஏறியதும் தெளிந்த நீரில் அது கீழே போகும், பத்து, பதினைந்து, பதினெட்டு. நாள் முழுக்க ஓரிடத்தில் நிற்கப் போகிறவனுக்கு ஆழத்தை மாற்ற முடிவதுதான் முக்கியம். கோடையில் தெர்மாமீட்டர் சொன்ன பதிலை அக்டோபரில் முடிச்சை அரை மணிக்கு ஒருமுறை இரண்டடி இறக்கி நாமே தேடிக்கொள்ள வேண்டும். அதனால் அக்டோபருக்கும் ஓடும் தக்கைதான். தெர்மாமீட்டரையும் எடுத்துப் போகலாம், பையில் இடம் அடைக்காது.

படகா கரையா என்பதில் எனக்குப் பெரிய கருத்தில்லை. வழிகாட்டியோடு படகில் போனால் ஆளுக்குச் சில நூறு டாலர் ஆகும், மீன் விழும் வாய்ப்பும் அதிகம். ஆனால் எங்கே போட வேண்டும், எவ்வளவு ஆழம், எப்போது சுண்ட வேண்டும் எல்லாவற்றையும் அவரே சொல்வார். ஐந்தரை மணி நேரம் ஓட்டிப்போய் இன்னொருவரின் மீனைப் பிடிக்க வேண்டுமா?

உரிமத்தில் ஒரு கண்ணி உண்டு. எல்லையில் ஓடும் ஸ்நேக்கில் இரு மாநில உரிமத்தில் எது இருந்தாலும் செல்லும், ஆனால் வாஷிங்டன் உரிமத்தோடு ஐடஹோ கரையில் நின்று போடக் கூடாது. கிளியர்வாட்டருக்குள் ஐடஹோ உரிமம் மட்டும்தான். அதோடு ஸ்டீல்ஹெட்டுக்கென்று தனி அனுமதிச் சீட்டு. காட்டு மீனை வாஷிங்டனில் படம் எடுக்கக்கூட நீரிலிருந்து முழுசாகத் தூக்கக் கூடாது, அது சட்டம். எந்தத் தேதி முதல் எந்தப் பாலம் வரை மீனை வைத்துக்கொள்ளலாம் என்பது ஆண்டுக்கு ஆண்டு, சில சமயம் பருவத்தின் நடுவிலேயே மாறும். கிளம்பும் முந்தைய நாள் இரவு இரண்டு மாநிலத்தின் அறிவிப்பையும் பார்த்துவிடுங்கள்.

தம்பி அக்டோபர் மூன்றாம் வாரத்துக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டான். ஓடும் தக்கை நான்கு, அரைக்கால் அவுன்ஸ் ஜிக் ஒரு டஜன் வாங்கியிருக்கிறான். இறால் மட்டும் என் வீட்டில் ஊறவைத்துக்கொள்ளலாமா என்று நேற்றுக் கேட்டான். அவன் வீட்டிலும் சட்டம் வந்துவிட்டதாம்.